கூச்சக்காரரும் சிங்களம் கதைக்கலாம்: உங்கள் இயல்புக்கு ஏற்ற வழியில் இரண்டாம் மொழி பழகுவது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் "சிங்களம் நல்லா விளங்கும், ஆனா வாயில வராது" என்று சொல்பவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். இங்கிலீஷுக்கும் அதே கதைதான். ஏன் வராது என்று கேட்டால் சட்டென்று குணத்தின் மேல் பழி விழும். "நான் சும்மாவே கூச்சம்", "எனக்கு ஆக்களோட கதைக்கிறதே குறைவு", "அவன் வாய்க்காரன், அவனுக்கு வரும்தானே". கல்முனைப் பக்கம், வேலை முடிந்து வருகிற பெரியவர்களுக்குப் பேச்சுச் சிங்களமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்பவன் நான். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் அழகாகச் சிங்களம் கதைப்பதையும், தமிழில் ஊரே சிரிக்கக் கதை சொல்கிறவர்கள் ஒரு கவுண்டர் முன்னால் வாயடைத்து நிற்பதையும் ஒரே வகுப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குணத்துக்கும் இரண்டாம் மொழிக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது நாங்கள் நினைக்கிற அளவுக்கு நேரான தொடர்பு இல்லை. குணத்தை மாற்றிக்கொண்டுதான் மொழி பேச வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் குணத்தை அப்படியே வைத்துக்கொண்டு, யாரோடு கதைப்பது, எங்கே கதைப்பது, எதைக் கதைப்பது என்பதை அதற்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம். ஓரளவு விளங்குகிற, ஆனால் பேசத் தடுமாறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அடியோடு தெரியாதவர்கள் முதலில் அன்றாடச் சொற்கள் ஒரு முந்நூறையாவது சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

தொடங்கும் முன்: குணம் எந்தத் தட்டில் இருக்கிறது

1998இல் கனடா ஆய்வாளர் பீற்றர் மெக்கின்டயரும் இன்னும் மூவரும் சேர்ந்து, ஒருவர் இரண்டாம் மொழியில் வாயைத் திறப்பதை எவையெவை தீர்மானிக்கின்றன என்று ஒரு பிரமிட்டாக அடுக்கிக் காட்டினார்கள். மொத்தம் 6 தட்டு. உச்சியில் இருப்பது பேச்சு. அதற்குக் கீழே, இப்போது பேசலாம் என்று எழுகிற மனம். மூன்றாவது தட்டில் இரண்டு விஷயம்: முன்னால் நிற்கிற இந்த ஆளோடு கதைக்க வேண்டும் என்ற ஆசை, அந்த நேரத்தில் இருக்கிற தன்னம்பிக்கை. குணம் எங்கே என்று தேடினால், அடியில், 6ஆவது தட்டில் இருக்கிறது. அதே தட்டில் குணத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் வைத்தார்கள்: இரண்டு சமூகங்களுக்கு இடையில் உறவு எப்படி இருக்கிறது என்பது.

எங்கள் பகுதிக்கு அப்படியே பொருந்துகிற படம் இது. கலவரக் காலங்களில் உச்சரிப்பை வைத்தே ஆளை அடையாளம் கண்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இங்கே இருக்கிறது. அவர்களில் ஒருவர் சிங்களம் பேசத் தயங்கினால் அதைக் கூச்சம் என்று சொல்லி முடிப்பது அநியாயம். அது இந்த மண் பட்ட பாடு. அந்த அடித்தட்டைத் தனி ஆளாக நின்று அசைக்க முடியாது. ஆனால் மூன்றாவது தட்டு எங்கள் கைக்கு எட்டும். கதைக்கிற ஆளை நாங்களே தெரிவுசெய்யலாம். கீழே வருகிற படிகள் பெரும்பாலும் அந்தத் தட்டில்தான் வேலை செய்கின்றன.

கலகலப்பான ஆட்களுக்குத்தான் மொழி வரும் என்ற நம்பிக்கையையும் ஒரு தரம் சோதித்துவிடுவோம். 1999இல் ழான்-மார்க் டெவேல், ஏட்ரியன் ஃபர்ன்ஹாம் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை எடுத்து அலசினார்கள். எழுத்துப் பரீட்சைப் புள்ளிக்கும் கலகலப்புக்கும் சொல்லும்படியான தொடர்பு கிடைக்கவில்லை. பேச்சில் தொடர்பு இருந்தது, அதுவும் பதற்றமான சூழலில் கூடுதலாக இருந்தது. அமைதியான ஆட்களின் மனம் ஏற்கெனவே உசாராக இருக்கும், அதற்கு மேல் பதற்றமும் ஏறினால் சொல்லைத் தேடி எடுக்க மனதில் இடம் போதாமல் போகும் என்பது அவர்கள் தந்த விளக்கம். அப்படியானால் அமைதியான ஆள் முதலில் செய்ய வேண்டியது பதற்றம் குறைந்த இடத்தைப் பிடிப்பது, அவ்வளவுதான்.

படி 1: பேசிய இடத்தையும் வாயடைத்த இடத்தையும் எழுதுங்கள்

ஒரு கொப்பி எடுங்கள், போனில் எழுதினாலும் சரி. ஒரு கிழமைக்கு, சிங்களமோ ஆங்கிலமோ பேச வேண்டி வந்த ஒவ்வொரு தரத்தையும் குறியுங்கள். யாரோடு, எந்த இடத்தில், என்ன அலுவலாக, பக்கத்தில் வேறு யார் நின்றார்கள். கதைத்தீர்களா, கையைக் காட்டிச் சமாளித்தீர்களா, தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு அவர் வாயால் சொல்ல வைத்தீர்களா.

பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் வகுப்பில் இந்தக் கொப்பியை விரித்தால் அடிக்கடி அங்கேதான் விஷயம் கிடக்கிறது. ஒருவர் அம்பாறை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடைக்குத் தனியாகப் போயிருக்கிறார். எந்த அளவுக் குழாய், எத்தனை அடி, வேறு கம்பனிச் சாமான் இருக்கிறதா, விலை குறைக்க ஏலாதா என்று எல்லாவற்றையும் சிங்களத்தில் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அடுத்த முறை அதே கடைக்கு மச்சானோடு போனபோது வாயே திறக்கவில்லை. மச்சான் கொழும்பில் வேலை செய்தவர், சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. கடைக்காரரும் மாறவில்லை, இவர் குணமும் மாறவில்லை. இவர் பயந்தது கடைக்காரருக்கு இல்லை, பின்னால் நின்று "நல்லாத்தான் சிங்களம் பேசுறீங்க மச்சான்" என்று சிரிக்கப்போகிற எங்கள் ஆளுக்கு.

இப்படி உங்கள் கொப்பியிலும் இருந்தால் உங்கள் முதல் மருந்து லேசானது, தனியாகப் போங்கள். சிலருக்கு இது தலைகீழாக இருக்கும், துணைக்கு ஒருவர் நின்றால்தான் தைரியம் வரும். அவர்கள் துணையோடு போகட்டும். எல்லோருக்கும் ஒரே புத்திமதி சொல்கிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

படி 2: அமைதியா, பயமா என்று பிரித்துப் பாருங்கள்

இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நிறையப் பேர் வருஷக்கணக்காக அதே இடத்தில் நிற்கிறார்கள். பிரிக்கிற வழி இதுதான்: தமிழில் நீங்கள் எப்படி? கலியாண வீட்டில், கோயில் திருவிழாவில், பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேர் கூடினால் கதைப்பீர்களா, கேட்டுக்கொண்டிருப்பீர்களா? தமிழிலும் கேட்கிற ஆள்தான், அதில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றால் அது இயல்பு. அதைத் திருத்த ஒன்றுமில்லை, உங்களுக்கு படி 4 இருக்கிறது. தமிழில் சபையையே கலக்குகிற ஆள், மற்ற மொழியில் மட்டும் நெஞ்சு அடிக்கிறது, கை வியர்க்கிறது, சொல்ல வேண்டிய வசனத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறீர்கள் என்றால் அது பயம்.

இந்தப் பயத்தைத் தனியாக எடுத்து அளந்தவர்கள் எலேன் ஹோர்விட்ஸும் அவரோடு சேர்ந்த இருவரும். 1986இல், 33 வாசகங்கள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். மொழி வகுப்பில் வரும் பயத்தோடு அவர்கள் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள்: ஆட்களோடு கதைக்கப் பயம், பரீட்சைப் பயம், மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். உங்களுடையது எது என்று கண்டுபிடியுங்கள். பரீட்சைப் பயம் உள்ளவருக்குக் கடைத்தெருவில் ஒரு பிரச்சினையும் இருக்காது. 2007க்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்கள் இரண்டாவது அரசகரும மொழித் தேர்ச்சி எடுக்க வேண்டும் என்பதால் எங்கள் பகுதியில் இந்த வகை ஆட்கள் கூடிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் சிங்களத்தைப் பரீட்சையாகவே பார்த்துப் பழகிவிட்டார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, பாடப்புத்தகத்தை மூடிவிட்டு ஒரு மாதம் சந்தைக்குப் போங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "தெரியாத ஆட்களோடு கதைக்காதே" என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண் பிள்ளைகள் கூச்சக்காரர்கள் இல்லை. அவர்களிடம் "பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பழகு" என்றால் அந்த ஆலோசனையால் ஒரு பிரயோசனமும் இல்லை. பாடசாலையில் கூட வேலை செய்கிற சிங்கள ரீச்சர், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற அம்மா, கிளினிக்கில் துண்டு எடுத்துக்கொண்டு காத்திருக்கிற பெண்கள், இவர்களோடு கதை தானாகவே தொடங்கும். பிள்ளை, வருத்தம், மருந்து, சமையல் என்று கதைக்க விஷயமும் நிறைய இருக்கும்.

படி 3: உங்களுக்கு அந்த மொழி எங்கே கிடைத்தது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

மொழி மாறினால் ஆளும் மாறுகிறாரா என்பது பழைய கேள்வி. 1960களில் சூசன் எர்வின் என்ற ஆய்வாளர், அமெரிக்கரைக் கலியாணம் செய்து அங்கே குடியேறிய ஜப்பானியப் பெண்களிடம் பாதி வசனங்களைக் கொடுத்து முடிக்கச் சொன்னார். என் விருப்பமும் குடும்பத்தின் விருப்பமும் மோதும்போது என்ற வசனத்தை ஒரு பெண் ஜப்பானிய மொழியில் 'அது பெரும் துக்கமான நேரம்' என்று முடித்தார். அதே பெண் ஆங்கிலத்தில் 'எனக்கு விரும்பியதைச் செய்வேன்' என்று முடித்தார். 2000களின் தொடக்கத்தில் டெவேலும் அனேட்டா பவ்லென்கோவும் இணையம் வழியாக 1,039 பேரிடம், வேறு மொழி பேசும்போது வேறு ஆளாக உணர்கிறீர்களா என்று கேட்டதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றார்கள். 2006இல் நைரான் ராமிரெஸ்-எஸ்பார்சாவும் கூட்டாளிகளும் ஸ்பானியம், ஆங்கிலம் இரண்டும் பேசுகிறவர்களுக்குக் குணம் அளக்கும் கேள்விக்கொத்தை இரண்டு மொழியிலும் கொடுத்தபோது, ஆங்கிலத்தில் கொஞ்சம் கூடுதல் கலகலப்பானவர்களாக வெளிவந்தார்கள்.

ஆனால் மொழிக்குள் ஏதோ குணம் ஒளிந்திருக்கிறது என்று இதற்குப் பொருள் எடுக்க வேண்டாம். இருமொழியாளர்களைப் பற்றி நீண்ட காலம் எழுதிவரும் ஃபிரான்சுவா குரோஷான் சொல்வது, மாறுவது சூழலும் பேசுகிற ஆளும்தான், அதற்கு ஏற்ப நாமும் மாறுகிறோம் என்பது. நான் அவர் பக்கம். ஐரோப்பிய வம்சாவளியில் வந்த மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்களில் மூத்தவர்கள் வீட்டுக்குள் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழியும் வெளியில் தமிழும் பேசி வாழ்ந்தவர்கள், அவர்களை யாரும் இரண்டு ஆட்களாகப் பார்க்கவில்லை.

இப்போது எங்கள் கதைக்கு வாருங்கள். எங்களில் நாற்பது வயதைத் தாண்டிய நிறையப் பேருக்குச் சிங்களம் கிடைத்த இடம் சோதனைச் சாவடி. பெயர் என்ன, ஊர் எது, எங்கே போகிறாய், அடையாள அட்டை எங்கே. அப்புறம் அரச அலுவலக வரிசை, ஆஸ்பத்திரி. எல்லா இடத்திலும் அவர் கேட்பார், நாங்கள் பதில் சொல்வோம். அதனால் எங்கள் சிங்களம் முழுக்கப் பதிலாகவே இருக்கிறது. வகுப்புக்கு வருகிற மூத்தவர்களிடம் நான் பார்த்த விஷயம் இது: கேள்வி கேட்டால் டக்கென்று சரியான சிங்களத்தில் பதில் வரும், தோள் கொஞ்சம் குனியும், குரல் மெல்லியதாகும். "இப்ப நீங்க என்னட்ட ஏதாவது கேளுங்க" என்றால் ஒன்றும் வராது. இவ்வளவு காலமும் சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்கிற தேவையே அவர்களுக்கு வந்ததில்லை. அந்தப் பணிந்த ஆள் அவர்களுடைய குணம் இல்லை. அந்த இடத்தில் பிழைப்பதற்கு அப்படி இருக்க வேண்டியிருந்தது.

ஆகவே பயிற்சி இதுதான். ஒரு மாதத்துக்குக் கேள்விகளை மட்டும் பழகுங்கள். "ஒயாகே கம கொஹெத?" என்று ஊர் எது என்று கேளுங்கள். "மேக்கட்ட சிங்களென் கியன்னே மொகக்த?" என்று ஒரு பொருளைத் தொட்டுக் காட்டி இதற்குச் சிங்களத்தில் என்ன சொல்வது என்று கேளுங்கள். கேட்கிற ஆள் நீங்கள், பதில் சொல்ல வேண்டியது அவர். நிற்கிற விதமே மாறும். லீவு நாட்களில் பாசிக்குடாவுக்கும் கல்லடிக் கடற்கரைக்கும் தெற்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அங்கே ஊர்க்காரர் நீங்கள். வழி தெரியாமல் நிற்பவர் அவர். வழி சொல்லுங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேளுங்கள், நல்ல மீன் எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். உங்கள் சிங்களம் முதன்முறையாக விருந்தாளியை வரவேற்கிற சிங்களமாக இருக்கும்.

ஆங்கிலத்துக்கும் இதே கணக்கு. வகுப்பறையில் மட்டும் ஆங்கிலம் கிடைத்தவர்களுக்கு அது பதில் சொல்கிற, கட்டுரை எழுதுகிற மொழி. அறுகம்பையில் அலைச் சறுக்கு சீசன் ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரைக்கும், அங்கே வெளிநாட்டவரிடம் கேட்டுக் கேட்டுப் பிடித்த பொத்துவில் பொடியன்களுக்கு ஆங்கிலம் பகிடியும் நட்புமான மொழி. அதே பொடியனை ஒரு வங்கி முகாமையாளர் முன்னால் இருத்தி ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் திணறுவான். குறை எந்தப் பக்கமும் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் மட்டும் கிடைத்திருக்கிறது. கிடைக்காத பக்கத்தைத் தேடிப் போக வேண்டும்.

படி 4: அமைதியான ஆளுக்கு

மருதமுனையில் கைத்தறி வைத்திருக்கிற ஒருவர் சாரமும் சேலையும் எடுத்துக்கொண்டு அம்பாறைக் கடைகளுக்குப் போவார். தமிழிலேயே அளந்துதான் பேசுவார். அவர் வியாபாரம் செய்வதை ஒரு தரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். துணியை மேசையில் விரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி தொட்டுப் பார்த்தார், ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார், நிறம் போகுமா என்று கேட்டார். இவர் இரண்டு சொல்லில் பதில் சொன்னார். முதலாளி விலை கேட்டார், இவர் எண்ணைச் சொன்னார். முதலாளி கூட என்றார். இவர் துணியை மடிக்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை, பார்த்துக்கொண்டே நின்றார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் முதலாளிதான் கதைத்தார், போன முறை எடுத்த சாரம் எப்படி ஓடியது, எந்த நிறத்தை ஆட்கள் கேட்கிறார்கள் என்று எல்லாம் சொன்னார். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியில் வரும்போது சரக்கும் போயிருந்தது, வழக்கமான முதலாளியின் வாயிலிருந்து கால் மணித்தியாலச் சிங்களமும் காதில் ஏறியிருந்தது.

அவரிடம் இருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பப் போகிறார். போகிறபோது விஷயம் கையில் இருக்கிறது, வெறுமனே பழகுவதற்காகப் போகவில்லை. விலை, நிறம், அளவு என்று வரப்போகிற சொற்கள் என்னென்ன என்று முன்கூட்டியே தெரியும். கூட்டத்தில் பேசுவதில்லை, ஒருவரோடு ஒருவர்தான்.

நீங்களும் அப்படி ஓர் ஆளைப் பிடியுங்கள். மருந்துக் கடைக்காரர், நெல் எடுக்க லொறியோடு வருகிறவர், வேலைத்தலத்தில் சிங்கள சகோதரி ஒருவர், யாராக இருந்தாலும் சரி, பொறுமையும் உங்களிடம் ஒரு தேவையும் உள்ளவராக இருக்க வேண்டும். போவதற்கு முன் சொல்லப்போகிற மூன்று வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நேரம் வாங்குகிற வசனங்களை நன்றாகப் பாடமாக்குங்கள்: "பொட்டக் இன்ன" என்றால் கொஞ்சம் பொறுங்கள், "ஹெமின் கியன்ன" என்றால் மெதுவாகச் சொல்லுங்கள், "ஆயெத் கியன்ன" என்றால் திரும்பச் சொல்லுங்கள். அமைதியான ஆளுக்குச் சொல்லைத் தேடக் கொஞ்சம் நேரம் வேண்டும், அந்த நேரத்தை இவை வாங்கித் தரும். வட்ஸ்அப் வொய்ஸ் இன்னொரு வரப்பிரசாதம். பிழைத்தால் அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாம், அவர் அனுப்பியதை எத்தனை தரமும் கேட்கலாம். தொலைபேசி அழைப்பை மட்டும் கடைசிக்கு வையுங்கள். முகமும் கையும் தெரியாத இடத்தில் எல்லோருக்கும் கஷ்டம்.

படி 5: பிழை விடப் பயந்து பேசாதவருக்கு

இவர்கள் பெரும்பாலும் படிப்பில் கெட்டிக்காரர்கள். தமிழ் மொழிமூலம் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ போய், ஆங்கிலத்தில் விரிவுரை தொடங்கியதும் முதல் வருஷம் முழுக்க ஒரு கேள்வி கூடக் கேட்காமல் இருக்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் இந்த வகை. எழுதினால் பிழையில்லாமல் எழுதுவார்கள், வசனம் மனதில் முழுசாகத் தயாராகும் முன் வாயைத் திறக்க மாட்டார்கள். தயாரானபோது கதை வேறு பக்கம் போயிருக்கும்.

2002இல் டாமி கிரெகர்சனும் எலேன் ஹோர்விட்ஸும் ஆங்கிலம் படிக்கிற மாணவர்களைப் பேச வைத்துப் படம் எடுத்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். பயம் கூடிய மாணவர்கள் தங்களுக்கு மிக உயர்ந்த அளவுகோலை வைத்திருந்தார்கள், தங்கள் பிழைகளை உள்ளதைவிடப் பெரிதாகவும் கண்டார்கள். இதை நீங்களே செய்து பார்க்கலாம். போனில் 2 நிமிடம் பேசிப் பதிவுசெய்யுங்கள். கேட்கும் முன் எத்தனை பிழை விட்டிருப்பீர்கள் என்று ஒரு எண்ணை எழுதுங்கள். பிறகு மொழி தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, அவருக்கு விளங்காமல் போன இடங்களை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சிங்களம் பழகுகிறவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி. நீங்கள் பயப்படுகிற இலக்கணத்தில் பாதி பேச்சில் இல்லை. எழுத்துச் சிங்களத்தில்தான் எழுவாய்க்கு ஏற்ப வினை மாறும். பேச்சில் "மம யனவா, ஒயா யனவா, எயா யனவா", நான், நீங்கள், அவர் எல்லோருக்கும் ஒரே வினை. வசனம் அடுக்குகிற ஒழுங்கும் தமிழைப் போலத்தான், வினை கடைசியில் வரும். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறார், போகிறது என்று பிழையில்லாமல் மாற்றிப் பேசுகிற உங்களுக்கு இது பாரமே இல்லை. புத்தகச் சிங்களத்தில் தொடங்கி மலைத்துப் போனவர்கள் பேச்சுச் சிங்களத்துக்கு இறங்குங்கள்.

படி 6: வாய்க்காரருக்கு

உங்களுக்குத் தொடக்கம் லேசு, அதைச் சந்தோஷமாக அனுபவியுங்கள். ஆபத்து பிறகு வரும். நூறு சொல்லை வைத்தே எதையும் சமாளிக்கக் கூடியவர் என்பதால் நூற்றியோராவது சொல்லைத் தேட மாட்டீர்கள். பத்து வருஷத்துக்கு முன் விட்ட பிழையை இன்றைக்கும் அதே வேகத்தில் விடுவீர்கள், ஆட்களும் உங்கள் முகத்துக்காகத் திருத்த மாட்டார்கள். ஆகவே ஒரு நெருங்கிய சிநேகிதரிடம், கதை முடிந்த பிறகு ஒரே ஒரு பிழையைச் சொல்லித் தரும்படி கேளுங்கள். அடுத்த கிழமை அந்த ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதோடு, எழுதவும் வாசிக்கவும் பழகுங்கள். சிங்களக் கடைப் பெயர்ப் பலகைகளை வாசிப்பதில் தொடங்கலாம், கல்முனையிலிருந்து அம்பாறைக்குப் போகிற பஸ் பயணம் அதற்கே போதும்.

படி 7: கோபமும் அன்பும் இரண்டாம் மொழியில் எப்படி எடுபடும்

2003இல் கேத்தரின் ஹாரிஸும் கூட்டாளிகளும் துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குச் சில சொற்களைக் கேட்கவிட்டுத் தோலில் ஏற்படும் மாற்றத்தை அளந்தார்கள். சின்ன வயதில் பெரியவர்கள் ஏசுகிற வசனங்கள் தாய்மொழியில் வந்தபோது உடம்பு கூடுதலாக அதிர்ந்தது. இரண்டாம் மொழியில் அதே ஏச்சு அவ்வளவு தைக்கவில்லை.

இதில் நல்லதும் உண்டு. சிங்களத்தில் ஒருவர் உங்களைத் திருத்தினால் தமிழில் திருத்துவதைப் போல உறைக்காது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கெட்டது என்னவென்றால், நீங்கள் சொல்கிற கடுஞ்சொல்லின் பாரம் உங்களுக்குத் தெரியாது. கராஜிலும் விளையாட்டு மைதானத்திலும் சிங்களம் பழகிய பொடியன்கள் சிநேகிதர்களுக்குள் புழங்குகிற சொற்களை அப்படியே ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டு, அவர் முகம் ஏன் மாறியது என்று விளங்காமல் நிற்பார்கள். வயது கூடியவரை, முன்பின் தெரியாதவரை எப்படிக் கூப்பிடுவது என்பதைத் தனியாகக் கேட்டுப் படியுங்கள். அய்யா என்றால் அங்கே அண்ணன், மல்லி என்றால் தம்பி, அக்கா எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான். முறை சொல்லிக் கூப்பிட்டால் பாதிக் கதை தானாக நடக்கும், இந்த விஷயத்தில் இரண்டு சமூகமும் ஒரே பிள்ளைகள்தான்.

பகிடி விடுவதும் ஆறுதல் சொல்வதும் கடைசியில்தான் வரும். அவசரப்பட வேண்டாம். ஆனால் அவை வருகிற அன்றைக்குத்தான் "இரண்டாம் மொழியில் நான் வேறு ஆள்" என்ற உணர்வு குறைகிறது, வகுப்பில் இதைப் பலரிடம் பார்த்துவிட்டேன். செத்த வீட்டில் சொல்கிற இரண்டு வசனம், பிள்ளை பிறந்தால் சொல்கிற இரண்டு வசனம், இவற்றை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

படி 8: எங்கே பழகக் கூடாது

1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அரச அலுவலகத்தில் தமிழில் அலுவல் பார்ப்பது உங்கள் உரிமை. சிங்களம் பழகுவதற்கும் அந்த உரிமையை விடுவதற்கும் சம்பந்தமே இல்லை. பொலிஸ் முறைப்பாடு, காணிப் பத்திரம், வைத்தியரிடம் வருத்தத்தை விவரிப்பது, கையெழுத்து வைக்கிற எந்த விஷயமும், இவை பழகுகிற இடம் இல்லை. அங்கே தமிழில் சொல்லுங்கள், தமிழில் எழுதித் தரக் கேளுங்கள், தேவையென்றால் மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிப் போங்கள். சிங்களத்தில் எழுதிய முறைப்பாட்டை முதலில் முழுக்கத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அது வரைக்கும் பேனையைத் தொடாதீர்கள்.

வீட்டில் ஒருவர் பழகிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவர் போனில் சிங்களத்தில் கதைக்கும்போது அறையை விட்டு வெளியே போங்கள். வசனத்தின் நடுவில் திருத்தாதீர்கள். வந்தவர் முன்னால் "எங்க, சிங்களத்தில ஒண்டு சொல்லிக் காட்டு" என்று கேட்காதீர்கள். கடைக்குப் போக அவர் தனியாகக் கிளம்பினால், நானும் வருகிறேன் என்று சொல்லாமல் லிஸ்ட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.